29 வயது மகன் இன்னும் எங்களோடுதான் இருக்கிறான்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

இத்தாலி, பலெர்மோவில் இருந்து எழுதுகிறேன். 1993இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தோம். எனக்கு 56 வயது. காலையில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பின்னேரம் இரண்டு வீடுகளில் துப்புரவு. கணவர் ஒரு உணவகத்தில் சமைக்கிறார். மகனுக்கு 29 வயது. படித்து முடித்துவிட்டு ஒரு கால் சென்டரில் வேலை செய்கிறான். ஆறு மாத ஒப்பந்தம், முடிய முடியப் புதுப்பிப்பார்கள். மாதம் 1,000 யூரோ வந்தாலே பெரிது. எங்களோடுதான் இருக்கிறான்.

என் அண்ணா ஸ்டாக்ஹோமில் இருக்கிறார். அவருடைய மகள் 20 வயதிலேயே உப்சாலாவில் அறை எடுத்துப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால், "பெடியன் இன்னும் உன்ர சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டுதானோ? செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டாய்" என்பார். இரண்டு மாதத்துக்கு முன், அதைக் கேட்ட சூட்டோடு, "மச்சாளைப் பார், பொம்பிளைப் பிள்ளை தனிய நிக்கிறாள், நீ?" என்று மகனிடம் கேட்டுவிட்டேன்.

அவன் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த சம்பளம் வந்ததும் 250 யூரோவை ஒரு கவரில் போட்டுச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தான். பெற்ற பிள்ளையிடம் வாடகை வாங்குவதா? எடுத்து அவனுடைய ஜாக்கெட் பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டேன். அன்று முதல் எங்களோடு இருந்து சாப்பிடுவதில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுகிறான்.

நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவின் பேரனுக்கு 33 வயது. அவனும் தாய் தகப்பனோடுதான். அங்கே யாரும் அதைக் குறையாகக் கதைப்பதில்லை. ஆனால் நம்மவர்கள், கலியாணம் பேசப் போனால் முதல் கேள்வியே "தனி வீடு இருக்கோ?" என்பதுதான். நான் வளர்த்த விதம் பிழையா? அவனைத் தனியே போகச் சொல்ல வேண்டுமா?

ஒரு தாய், பலெர்மோ

அன்புள்ள சகோதரி,

முதலில் வளர்ப்பில் பிழை தேடுவதை விடுங்கள். அண்ணா தன் மருமகனைச் சுவீடன் அளவுகோலால் அளக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் 2023 கணக்குப்படி, பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டுப் போகும் சராசரி வயது பின்லாந்தில் 21.4, சுவீடனில் 21.8. இத்தாலியில் 30, குரோஷியாவில் 31.8. 33 வயதுப் பேரனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்காதது இதனால்தான்.

சுவீடனில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கு அரசின் உதவித்தொகையும் கடனும் அவள் பெயரிலேயே வரும். தகப்பனின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் மருமகள் கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. ஆனால் அவள் காலடியில் ஒரு படி இருந்தது. உங்கள் மகனுக்கு அந்தப் படி இல்லை. இத்தாலியில் வீட்டுக்காரர்கள் நிரந்தர வேலையின் சம்பளச் சீட்டைத்தான் பார்க்க விரும்புவார்கள். மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆறு மாத ஒப்பந்தத்தோடு போய் நிற்பவனை நினைத்துப் பாருங்கள்.

2007இல் இத்தாலியின் நிதியமைச்சராக இருந்த பதோவா-ஸ்கியோப்பா, வாடகைக்குப் போகும் இளைஞர்களுக்கு வரிச்சலுகை தரும் திட்டத்தை விளக்கும்போது, இந்த "பம்பொச்சோனி"களை வீட்டை விட்டு அனுப்புவோம் என்றார். வளர்ந்தும் குழந்தையாகவே இருப்பவர்கள் என்று அர்த்தம். பெரிய சர்ச்சையானது. உங்கள் மகன் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. நீங்கள் மச்சாளைக் காட்டியபோது அவன் காதில் அதுதான் விழுந்திருக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் மனதைப் பிடித்தது அந்தக் கவர்தான். மாதம் 1,000 யூரோ உழைப்பவன் அதில் கால்வாசியை எடுத்து வைத்திருக்கிறான். அதையும் கையில் நீட்டாமல், சாமிப் படத்துக்குக் கீழே. "நான் சின்னப் பிள்ளை இல்லை, இந்த வீட்டைத் தாங்குகிறவர்களில் நானும் ஒருவன்" என்பதுதான் அதில் இருந்த சேதி. நீங்கள் பாசத்தில் திருப்பி வைத்தீர்கள். அவனுக்கோ, "நீ சின்னப் பிள்ளைதான்" என்று இரண்டாவது முறையும் சொன்னதாகப்பட்டிருக்கிறது. தனியாகப் போகவில்லை என்று முதலில் குத்திக்காட்டி, பிறகு வீட்டுக்குள் பெரியவனாக இருக்கவும் விடவில்லை என்றால், அவன் எங்கேதான் போவான்? அறைக்குள்தான் போவான்.

அதனால் போகச் சொல்லாதீர்கள். ஒரு நாள் அவன் வேலையால் வந்ததும், நீங்களே தேத்தண்ணி போட்டுக்கொண்டுபோய், "அண்டைக்கு மச்சாளோட ஒப்பிட்டுக் கதைச்சது என்ர பிழை, தம்பி" என்று சொல்லுங்கள். "ஆனால்" என்று தொடங்கும் இன்னொரு வசனம் வேண்டாம். பிறகு அந்தக் கவரைக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் பில்லும் கேஸ் பில்லும் இனி அவன் பெயரில் வரட்டும், கட்டுவதும் அவனாகட்டும். காசு வாங்க மனம் கூசினால், ஒரு பகுதியை வீட்டு முன்பணத்துக்காகச் சேமியுங்கள், ஆனால் அவனுக்குத் தெரிந்தே செய்யுங்கள். அவனுடைய உடுப்பை யார் தோய்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள்தான் என்றால், அதை இந்த வாரமே நிறுத்துங்கள். மூன்று வேலை பார்க்கும் உங்கள் இடுப்புக்கும் நல்லது.

அண்ணாவிடம் சொல்வது கஷ்டம்தான், மூத்தவர். ஆனாலும், "அண்ணா, அவனைப் பற்றி இனி இப்படிக் கதைக்க வேண்டாம்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். மகன் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னால் இன்னும் நல்லது. கலியாணப் பேச்சைச் சில மாதம் தள்ளிப்போடலாம். வீடு கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் நிலையில் இப்போது நீங்கள் இருவருமே இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவன் நித்திரை இல்லாமல் இருக்கிறானா, வேலைக்குப் போக மறுக்கிறானா, சிநேகிதர்களையும் விட்டுவிட்டானா? அப்படியென்றால் காத்திருக்காமல் குடும்ப வைத்தியரிடம் கதைக்கச் சொல்லுங்கள். அவன் மாட்டேன் என்றால், பொதுச் சுகாதாரச் சேவையின் கீழ் உள்ள கொன்சுல்தோரியோ ஃபமிலியாரே என்ற குடும்ப ஆலோசனை நிலையத்துக்கு நீங்கள் மட்டுமாவது போகலாம், அங்கே உளவியலாளர்கள் இருப்பார்கள். சாப்பாட்டு மேசையில் அவனுக்கும் ஒரு கோப்பை வைத்துக்கொண்டே இருங்கள். வந்து இருந்தால், வேலையைப் பற்றிக் கேட்காமல் சோற்றைப் போடுங்கள்.