நியூசிலாந்தைப் பேருந்திலேயே சுற்றிவர நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். மாதச் சம்பளம் 38,000 ரூபாய். இடுக்கி மாவட்டம் வண்டன்மேடு பக்கத்தில் குடும்பத்துக்கு 2 ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. வங்கியில் 4 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், சேமிப்புக் கணக்கில் 70,000 ரூபாயும் உள்ளன. மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை முதலீடு) போகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, மருத்துவக் காப்பீடு இல்லை. வரும் மார்ச்சில் முதுகுப்பையோடு 24 நாள் நியூசிலாந்தைப் பேருந்தில் சுற்றிவரத் தோழியும் நானும் விரும்புகிறோம். என் பங்குக்கு 3 லட்சம் ரூபாயைத் தனிநபர் கடனாக வாங்கலாமா, நகையை அடகு வைக்கலாமா, வைப்புத்தொகையை உடைக்கலாமா?

பதில்: மூன்றும் வேண்டாம். ஆனால் பயணத்தைக் கைவிடவும் வேண்டாம். உங்கள் வருமானத்துக்கு இது எட்டாத ஆசை அல்ல. வரும் மார்ச்சை விட்டு அதற்கடுத்த மார்ச்சுக்குத் தள்ளிவைத்தால் கடனில்லாமலே போய்வரலாம்.

முதலில் கடனைப் பார்ப்போம். 3 லட்சம் ரூபாயை 14 சதவீத வட்டியில் 3 ஆண்டுத் தவணைக்கு வாங்கினால், மாதம் ஏறத்தாழ 10,250 ரூபாய் கட்ட வேண்டிவரும். வட்டி மட்டும் 69,000 ரூபாயைத் தொடும். அங்கே 24 இரவுக்கும் நீங்கள் கொடுக்கப்போகும் படுக்கை வாடகையைவிட இது அதிகம். நகையைப் பொறுத்தவரை, அது தோட்டத்துக்கான காவல். 2024 கோடையில் இடுக்கியில் வெயில் தாங்காமல் ஏலச்செடிகள் கருகியபோது, மறுநடவுக்கும் உரத்துக்கும் எத்தனை வீடுகளில் நகை வங்கிக்குப் போனது என்பதைக் கடைக் கணக்குப் பார்க்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியொரு கோடை மீண்டும் வரும்போது நகை வீட்டில் இருக்க வேண்டும்.

வைப்புத்தொகையை உடைக்காமல் வைத்திருப்பதில் இரட்டைப் பயன் இருக்கிறது. அது உங்கள் அவசரக்கால நிதி. அதோடு, விசா விண்ணப்பத்தில் காட்ட வேண்டிய பணச் சான்றும் அதுவே. தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1,000 நியூசிலாந்து டாலர், தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400 டாலர், கையில் இருப்பதாகக் காட்டும்படி அந்நாட்டுக் குடிவரவுத் துறை கேட்கிறது. பல மாதமாகக் கணக்கில் இருக்கும் பணத்துக்கு உள்ள மதிப்பு, விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கடனாக வந்து விழுந்த தொகைக்குக் கிடைக்காது; அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் எழும்.

இனி செலவுக் கணக்கு. ஒரு நியூசிலாந்து டாலருக்கு 52 ரூபாய் என்று வைத்துக்கொண்டு நான் போட்ட மதிப்பீடு இது. விடுதிகளில் பலர் தங்கும் அறையில் ஒரு படுக்கைக்கு இரவுக்கு 45 டாலர் வீதம் 1,080, விடுதிச் சமையலறையில் நீங்களே சமைத்தால் சாப்பாட்டுக்கு 600, பேருந்துக்கும் கப்பலுக்கும் 600, மில்ஃபோர்ட் சவுண்ட் படகுச் சவாரி போன்றவற்றுக்கு 500, உள்ளூர்ப் பயணம், சிம் கார்டுக்கு 150, கைக்காவலாக 300. ஆக 3,230 டாலர், அதாவது சுமார் 1,68,000 ரூபாய். விமான டிக்கெட்டுக்கு 1,10,000, விசா, காப்பீடு, நாட்டுக்குள் வரும் பயணிகளிடம் வசூலிக்கும் தீர்வை ஆகியவற்றுக்கு 25,000 ரூபாய் சேர்த்தால் 3 லட்சத்து 3 ஆயிரம் ஆகிறது. அந்தத் தீர்வை 2024 அக்டோபரில் 35 டாலரிலிருந்து 100 டாலராக உயர்ந்தது. பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பேருந்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. இன்டர்சிட்டி என்ற அந்நாட்டுப் பேருந்து நிறுவனம் ஃப்ளெக்சிபாஸ் என்ற பெயரில் பயண நேரத்தை மணிக்கணக்கில் விற்கிறது. 12 மாதம் செல்லும் அந்தப் பாஸில், நீங்கள் ஏறும் ஒவ்வொரு பேருந்தின் பயண நேரமும் கழிந்துகொண்டே வரும். ஆக்லாந்தில் இறங்கி, ரோட்டோருவா, டௌப்போ வழியாக வெலிங்டன் சேர்ந்து, அங்கிருந்து மூன்றரை மணி நேரக் கப்பலில் பிக்டனுக்குக் கடந்து, நெல்சன், ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு, குவீன்ஸ்டவுன், டெக்காப்போ ஏரி என்று போய்க் கிறைஸ்ட்சர்ச்சில் முடித்தால், பேருந்து நேரம் ஏறத்தாழ 40 மணி. கொச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆக்லாந்துக்குப் போகவும், கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அதே சிங்கப்பூர் வழியாகத் திரும்பவும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். புறப்பட்ட ஊருக்கே திரும்பி வரும் வீண்செலவு மிச்சமாகும். மார்ச் மாதம் அங்கே இலையுதிர்காலத் தொடக்கம். டிசம்பர், ஜனவரி விடுமுறைக் கூட்டம் வடிந்து விடுதி வாடகையும் இறங்கியிருக்கும். இங்கேயும் அதற்குள் காய் எடுப்பு முடிந்திருக்கும் என்பதால், கடையில் விடுப்புக் கேட்பதும் எளிது.

இந்தப் பணத்தைச் சேர்க்கும் வழி: இந்த மாதமே 15 மாதத்துக்கு, மாதம் 12,000 ரூபாய் வீதம் ஆர்.டி. (வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்குங்கள், 1,80,000 ரூபாயும் வட்டியும் சேரும். அடுத்த காய் எடுப்பில் வரும் உங்கள் பங்கிலிருந்து 60,000 ரூபாயை, ஏலக்காயை ஏலம் விடும் மையத்தில் விலை நன்றாக இருக்கும் வாரத்திலேயே எடுத்து ஒதுக்கிவிடுங்கள். மீதிக்குச் சேமிப்புக் கணக்கு போதும். எஸ்.ஐ.பி.யை ஒரு மாதம்கூட நிறுத்த வேண்டாம்.

சுற்றுலா நிறுவனத்திடம் மொத்தத் தொகுப்பாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். நீங்களே முன்பதிவு செய்து, அந்நியச் செலாவணியும் வாங்கினால், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அது கிடையாது. பிடித்த தொகை திரும்பக் கிடைக்கும் என்றாலும், அதற்காக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கும்போது அதில் நியூசிலாந்து டாலரையே ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். அமெரிக்க டாலரை ஏற்றிக்கொண்டு போனால் இரண்டு முறை மாற்றுக் கட்டணம் போகும்.

விபத்தில் அடிபட்டால், அந்நாட்டின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் வெளிநாட்டுப் பயணிகளின் சிகிச்சைச் செலவுக்கும் உதவும். நோய்வாய்ப்பட்டால் உதவாது என்பதால், பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். ஊறுகாய், பொடி, ஏலக்காய் எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம், நம் பணத்தில் 20,800 ரூபாய். தோட்டத்து மண் ஒட்டிய காலணியை நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போங்கள். அதையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள். முன்பே இருக்கும் நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் உண்டு என்பதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவருக்குத்தான் இழப்பு. தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை. விண்ணப்பத்தில் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள். அந்த பிரீமியத்தால் ஆர்.டி. தவணை 12,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகக் குறைந்தாலும் குறையட்டும். பயணத்தை நான்கைந்து நாள் சுருக்கி, படகுச் சவாரிகளில் ஒன்றிரண்டை விட்டுவிட்டால், அந்த 30,000 ரூபாயை ஈடுகட்டிவிடலாம்.