நித்தியகல்யாணிக் கஷாயமும் புற்றுநோய் ஊசியும்

கேள்வி: இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் சித்திக்கு வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்து ஏற்றப்படுகிறது. அது எங்கள் பகுதி மானாவாரி நிலங்களில் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த இலையையே கஷாயமாக்கிக் கொடுக்கலாம் அல்லவா?
– வாசகர் ஒருவர், தென்காசி மாவட்டம்

பதில்: மருந்து அந்தச் செடியிலிருந்துதான் வருகிறது; ஆனாலும் கஷாயம் கொடுக்க வேண்டாம். அதற்கான காரணம் இம்மருந்து கண்டறியப்பட்ட கதையிலேயே இருக்கிறது.

மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடியின் இலைக் கஷாயத்தை ஜமைக்காவில் நீரிழிவுக்குக் குடித்துவந்தார்கள். 1952-இல் அங்கிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட இலைகளை ஆராய்ந்த ராபர்ட் நோபிள், அதன் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகப் புகட்டியபோது இரத்தச் சர்க்கரையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதே சாற்றை இரத்தக் குழாயில் செலுத்தியபோதோ, வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்து, எலிகள் கிருமித்தொற்றால் சில நாள்களில் இறந்தன. வெள்ளையணுக்களைக் குறைக்கும் பொருள், அவை கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு உதவக்கூடும் என்ற எண்ணத்தில் அவரும் சக ஆய்வாளர் சார்ல்ஸ் பியரும் தொடர்ந்து உழைத்து, 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். உங்கள் சித்திக்குத் தரப்படும் வின்கிரிஸ்டின், அதே செடியிலிருந்து எலை லில்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வில் கிடைத்து, 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

செல் இரண்டாகப் பிரியும்போது, மரபுப்பொருளைச் சுமக்கும் குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. வின்கிரிஸ்டின் அப்புரதத்தைப் பற்றிக்கொள்வதால் குழல்கள் உருவாகாமல், செல் பிரிய முடியாமல் நின்று மடிகிறது. நரம்புகளுக்கும் இக்குழல்கள் தேவை என்பதால்தான் இம்மருந்து பெறுவோருக்குக் கை கால் மரத்துப்போகிறது. பெரியவர்களுக்கும் ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்காமல், உடற்பரப்பைக் கணக்கிட்டு, இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்துவார்கள்.

இனி இலையைப் பாருங்கள். 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் அதனினும் அரிது. ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்தால் இறங்குவது பெரும்பாலும் அதிலுள்ள மற்ற ஆல்கலாய்டுகள் (உடலைப் பாதிக்கக்கூடிய தாவர வேதிப்பொருள்கள்) தாம். அவை நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எது எவ்வளவு இறங்கியது என்று அடுப்படியில் அளக்க வழியில்லை. புற்றுநோயைத் தாக்க இந்த அளவு போதாது. வாந்தியையும் இரத்த அழுத்தச் சரிவையும் வரவழைக்க அதுவே போதும். செடியிலிருந்து கிடைத்தது என்பதாலேயே ஒரு பொருளைச் சாதுவானது என்று நம்புவது, எட்டிக்கொட்டையை அறிந்த நம் ஊரில் எப்படி வேரூன்றியது என்பது எனக்கு விளங்காத ஒன்று.

ஏற்கெனவே குடித்திருந்தால், எத்தனை நாள், எவ்வளவு என்பதை அடுத்த ஊசிக்கு முன்பே சித்தியின் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் கண்டால் ஊசி நாள் வரை காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.