தறிக்கூடத்து மூலையில் கிடக்கும் டியூப்லைட்டுகள்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்கூடம் நடத்துகிறேன். ஃபியூஸ் போன டியூப்லைட்டுகளும் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியும் சேர்ந்துவிட்டன. குப்பை வண்டியில் போட்டுவிடலாமா?

பதில்: போடக் கூடாது. எல்இடி அல்லாத ஒவ்வொரு டியூப்லைட்டிலும் சிறிதளவு பாதரசம் இருப்பதால், அது உடைந்தவுடன் கண்ணுக்குத் தெரியாத ஆவி பரவி, அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பவரின் மூச்சில் கலந்துவிடும். அப்படி உடைந்தால் தறியை நிறுத்தி, ஆட்களை வெளியே அனுப்பி, கால்மணி நேரமாவது சன்னல்களைத் திறந்து வையுங்கள். துடைப்பம் தூளைக் கிளப்பிவிடும் என்பதால், கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துவிடுங்கள். உடையாதவற்றை அவை வந்த அட்டைப்பெட்டியிலேயே படுக்கவைத்து, மேலே தேதி எழுதுங்கள்.

பேட்டரியைப் பிற குப்பையோடு கலக்கக் கூடாது என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் கூறுகின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் பெரும்பாலும் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுப்பவரிடம், எவ்வளவு கூடுதலாகத் தந்தாலும், தயவுசெய்து கொடுக்காதீர்கள். டியூப்லைட்டுகள் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருவதால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீதைக் கோப்பில் வையுங்கள்.