வீடிழந்து மீண்ட பிள்ளைகளின் மனநலம்: உளவியல் ஆலோசகரின் பதில்கள்

கேள்வி (ஆசிரியை): குடும்பத்துடன் பல மாதங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்துவிட்டு வந்த ஒன்பது வயதுச் சிறுவன் என் வகுப்பில் இருக்கிறான். புத்தகப்பையை மடியை விட்டு இறக்க மறுக்கிறான். யாராவது தொட்டால் சீறுகிறான். கண்டிக்கலாமா?

பதில்: கண்டிக்க வேண்டாம். இடம் மாறி இடம் மாறி அலைந்த நாட்களில் அவன் கையை விட்டுப் போகாத ஒரே உடைமை அந்தப் பையாக இருந்திருக்கலாம். அவன் இருக்கைக்கு அருகிலேயே அதற்கு ஓரிடம் ஒதுக்கி, "உன்னைக் கேட்காமல் இதை யாரும் எடுக்க மாட்டார்கள்" என்று சொல்லுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள். ஆபத்தை எதிர்பார்த்தே பழகிய உடல், ஆபத்து நீங்கியதும் உடனே தளர்ந்துவிடுவதில்லை. மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா சிறு சத்தத்துக்கும் எச்சரிக்கை எழுப்ப, நிதானித்து யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி பின்தங்கிவிடுவதால், சீறும் நேரத்தில் எந்த அறிவுரையும் அவன் காதில் ஏறாது. சற்று விலகி நின்று, குரலைத் தாழ்த்தி, அவன் மூச்சு சீரான பிறகு பேசுங்கள். அடுத்து எந்தப் பாடம், நாளை யார் வகுப்பெடுப்பார் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் மாறிய வாழ்க்கையிலிருந்து வந்தவனுக்கு, எதிர்பார்த்தபடியே நடக்கும் ஒரு நாள்தான் முதல் மருந்து என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (தாய்): எங்களுக்கு இப்போது வாடகை வீடு கிடைத்துவிட்டது. ஆனால் வீடில்லாமல் இருந்தபோதெல்லாம் அமைதியாக இருந்த மகள் இப்போதுதான் அழுகிறாள், இரவில் படுக்கையை நனைக்கிறாள். ஏன்?

பதில்: அம்மா, இது அபூர்வமன்று. பெற்றோர் தவிப்பதைப் பார்க்கும் பிள்ளைகள், தாங்களும் பாரமாகிவிடக் கூடாதென்று துயரத்தை அடக்கிக்கொள்வதுண்டு. பாதுகாப்பு வந்த பிறகே அது வெளிப்படுகிறது. படுக்கை நனைந்தால் திட்டாமல், கேலி செய்யாமல், விரிப்பை மட்டும் மாற்றுங்கள். உடல் சார்ந்த காரணமும் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். "இனி எங்கும் போகவே மாட்டோம்" என்று உங்களால் உறுதி கூற முடியாவிட்டால் அப்படிச் சொல்லாதீர்கள். "மாற நேர்ந்தால் உன்னிடம் முன்னதாகவே சொல்வேன்" என்பது சிறிய வாக்குதான், ஆனால் காப்பாற்றக்கூடியது. நீங்களும் அதே துன்பத்தைக் கடந்து வந்தவர். மனம்விட்டுப் பேச உங்களுக்கும் ஒருவர் தேவை.

கேள்வி (தன்னார்வலர்): நடந்ததைப் பற்றி எழுதவோ வரையவோ பிள்ளைகளைத் தூண்டலாமா?

பதில்: வேண்டாம். உளவியல் முதலுதவி, அதாவது பெருந்துயரில் சிக்கியவர்களுக்கு முதலில் தரும் மன ஆதரவு, குறித்து உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடும், நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்றே கூறுகிறது. தாளும் வண்ணமும் கொடுங்கள். எதை வரைவதென்று குழந்தையே முடிவு செய்யட்டும். "என் வீடு" என்ற கட்டுரைத் தலைப்புக்குப் பக்கத்தில் "எனக்குப் பிடித்த இடம்" என்ற இன்னொன்றையும் வையுங்கள்.

கேள்வி (தலைமை ஆசிரியர்): மற்ற மாணவர்கள் கேலி செய்யாமல் எப்படி உதவுவது?

பதில்: முதலில், குழந்தை வீடிழந்த விவரம் அறிந்தவர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், குழந்தையின் அந்தரங்கம் 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையே ஏற்ற உரிமை. சீருடையையோ நோட்டுப் புத்தகத்தையோ எல்லார் முன்னிலையிலும் அழைத்துக் கொடுக்காதீர்கள். வீட்டுப்பாடத்தைப் பள்ளி நேரத்திலேயே முடிக்க இடம் கொடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. நெரிசலான தங்குமிடத்தில் அது கிடைக்காமல் வகுப்பில் கண்ணயரும் குழந்தையைச் சோம்பேறி என்று அழைப்பது பெரும் அநீதி.

கேள்வி (தாத்தா): மனநல மருத்துவரிடம் எப்போது அழைத்துச் செல்ல வேண்டும்?

பதில்: கெட்ட கனவு, விலகியிருத்தல், பள்ளிக்குப் போக மறுப்பு ஆகியவை ஒரு மாதத்தைத் தாண்டியும் குறையாவிட்டால் அழைத்துச் செல்லுங்கள் ஐயா. "நான் இல்லாமலே போயிருக்கலாம்" என்பது போன்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே, கனிவுடன் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால், பேரப்பிள்ளையைத் தனியே விடாமல், அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.