கிளட்சில் காற்று: மிதிப்பதை நிறுத்திவிட்டு நிப்பிளைப் பாருங்கள்

கேள்வி: காரின் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை (ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் சிலிண்டர்) நானே மாற்றினேன். நண்பரை மிதிக்கச் சொல்லி ஏர் எடுத்தேன், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றப் பார்த்தேன். பிரேக் ஆயில்தான் தீர்ந்தது, பெடல் இன்னும் தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. புது சிலிண்டர் மோசமா?

பதில்: அதற்குள் சிலிண்டரைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் சொல்வதெல்லாம் உள்ளே காற்று நிற்பதற்கான அடையாளங்கள். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். மிதிக்கிற தூரம் காற்றை அமுக்குவதிலேயே வீணாகிறது, கிளட்ச் முழுதாக விலகுவதில்லை, அதனால்தான் கியர் அரைக்கிறது.

முதலில் நிப்பிள், அதாவது காற்றை வெளியே விடுவதற்காகத் திறக்கும் சிறு திருகு, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காற்று எப்போதும் மேலே போய்த்தான் தங்கும். சிலிண்டரின் உச்சியில் நிப்பிள் இல்லையென்றால் எவ்வளவு மிதித்தாலும் ஆயில் மட்டும்தான் வெளியே வரும். வேகவேகமாக மிதிப்பது இன்னும் மோசம், காற்று பொடிக் குமிழிகளாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா? ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருந்தால் எனக்குப் பிடித்த வழி இதுதான். பைப்பைக் கழற்றாமல் சிலிண்டரை மட்டும் போல்ட்டிலிருந்து விடுவித்து, பைப் சேரும் பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்து, நிப்பிளை மூடியபடியே புஷ் ராடை (சிலிண்டரிலிருந்து நீண்டு கிளட்சைத் தள்ளும் கம்பி) கையால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். காற்று பைப் வழியாக மேலேறி ஆயில் டப்பாவில் குமிழியாக வெளியேறும். அதே மாதிரி மெதுவாக விட்டு, குமிழி நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். சிலிண்டர் கழன்றிருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது, மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். டப்பா நிரம்பி வழியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிற மாடல் என்றால் இது நடக்காது, நிப்பிள் வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. பல கார்களில் பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கின்றன, அதில் கிளட்சுக்கான குழாய் சற்று உயரத்தில் இருக்கும். டப்பாவில் ஆயில் இருக்கிறதே என்று நம்பி நீங்கள் வேலை செய்ய, கிளட்ச் பக்கம் மறுபடி காற்றை இழுத்திருக்கலாம். நாலைந்து மிதிக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டே இருங்கள், மூடியில் எழுதியிருக்கிற வகையை மட்டும். நெடுநாள் திறந்து கிடந்த பாட்டில் வேண்டாம், அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.

கேள்வி: ஏர் எடுத்ததும் பெடல் நன்றாக இருக்கிறது, சில நாளில் மறுபடி தொய்கிறது. திரும்ப எடுக்கவா?

பதில்: வேண்டாம், முதலில் கசிவைத் தேடுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில், பெடலின் ராடு மாஸ்டர் சிலிண்டருக்குள் (மிதிக்கும்போது ஆயிலை ஸ்லேவ் சிலிண்டருக்குத் தள்ளும் சிலிண்டர்) நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். அப்புறம் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். எங்கே ஈரமோ அந்த சிலிண்டரின் சீல் போய்விட்டது. இரண்டும் காய்ந்திருந்தால் பைப் இணைப்புகளைப் பாருங்கள், அங்கேயும் ஒன்றுமில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீலைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் அது வெளியே ஒரு சொட்டுகூட விடாமலே அழுத்தத்தை நழுவவிடும்.