வீட்டிலிருந்தே சொந்தத் தொழில் செய்பவர் பயணச் செலவையும் வீட்டுச் செலவையும் வரிக் கணக்கில் காட்டலாமா?

கேள்வி கேட்டவர் வீட்டிலேயே உட்கார்ந்து டிசைன் வேலை செய்கிறார், அவ்வப்போது சொந்த வண்டியில் வாடிக்கையாளர்களைப் போய்ப் பார்க்கிறார். வாடகை, கரண்ட் பில், பெட்ரோல் இதிலெல்லாம் எவ்வளவு காட்டலாம், பின்னால் வம்பு வருமா என்பதுதான் அவர் கவலை.

தாராளமாகக் காட்டலாம். நானும் தனியாகத் தொழில் செய்பவன்தான், எனக்குத் தெரிந்து அதிகமாகக் காட்டி மாட்டிக்கொண்டவர்களைவிட, எதற்கு வம்பு என்று ஒன்றுமே காட்டாமல் நியாயமாக வரவேண்டிய கழிவை (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் செலவை) விட்டுவிட்டவர்கள்தான் அதிகம். ஆனால் எழுதும் ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்க வேண்டும். "உத்தேசமாகப் பாதி போட்டேன்" என்று சொன்னால் எந்த ஆடிட்டராலும் காப்பாற்ற முடியாது.

பயணத்தில்தான் குழப்பம் அதிகம், அதை முதலில் பார்ப்போம். வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போய்வருவது சொந்தச் செலவு, தொழில் விஷயமாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது தொழில் செலவு. பெரும்பாலான நாடுகளில் அடிப்படை இதுதான். சரி, வீடே வேலையிடம் என்றால்? பிரிட்டனில் இதற்கு இரண்டு பழைய வழக்குகள் உண்டு. நியூசம் என்ற வழக்கறிஞருக்கு லண்டனில் சேம்பர், அதாவது வக்கீல் அலுவலகம், இருந்தது, ஆனாலும் சாயங்காலங்களில் வீட்டில் வைத்து வழக்குக் கட்டுகளைப் படிப்பார், அதனால் வீட்டுக்கும் லண்டனுக்கும் போய்வரும் செலவைக் கழிக்கச் சொல்லிக் கேட்டார். 1952-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஹார்ட்டன் என்ற கொத்தனாருக்கோ நிலையான வேலையிடம் கிடையாது, கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே போவார், கருவிகளும் கணக்குப் புத்தகங்களும் வீட்டில்தான் இருந்தன. 1971-ல் அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆக, வீட்டிலும் கொஞ்சம் வேலை பார்க்கிறேன் என்பது போதாது, தொழில் அங்கிருந்துதான் நடக்கிறது என்று காட்ட முடிய வேண்டும். நீங்கள் ஹார்ட்டன் பக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரே வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் தினமும் போய் உட்கார்ந்தால் அதுவே உங்கள் வேலையிடம் என்று சொல்லிவிட இடம் இருக்கிறது.

அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். தேதி, எங்கே, எதற்கு, கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர் காட்டிய எண், இவ்வளவுதான். "41,230 – 41,262, அச்சகம், அட்டை ப்ரூஃப் பார்க்க" என்று ஒரு வரி இருந்தால் அந்த 32 கிலோமீட்டரை யாரும் அசைக்க முடியாது. வருஷக் கடைசியில் வண்டி மொத்தம் ஓடியதில் தொழிலுக்கு ஓடியது எத்தனை சதவீதம் என்று பார்த்து, பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாவற்றிலும் அதே சதவீதத்தை எடுங்கள். சில நாடுகளில் தூரத்துக்கு இவ்வளவு என்று அரசே ஒரு தொகை வைத்திருக்கும். அதை எடுத்தால் பெட்ரோலைத் தனியாகக் காட்டக் கூடாது, அது அதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

வீட்டுச் செலவுக்குப் பரப்பளவுதான் பிடிமானம். 800 சதுர அடி வீட்டில் 100 சதுர அடி அறை என்றால் எட்டில் ஒரு பங்கு. அந்த அறையைப் பாதி நேரம் குடும்பமும் புழங்கினால் பதினாறில் ஒரு பங்கு. வாடகை, கரண்ட் இரண்டுக்கும் இது பொருந்தும். இன்டர்நெட்டை மட்டும் உபயோகத்தை வைத்துத் தனியாகப் பிரியுங்கள். ஆனால் நேரத்தைப் பிரிக்கும் இந்த வழி எல்லா நாட்டிலும் செல்லாது. அமெரிக்காவில் அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும், பிள்ளைகள் அங்கே வீட்டுப்பாடம் எழுதினால் கழிவே கிடையாது. பிரிட்டனில் நிலைமை தலைகீழ்: சொந்த வீட்டில் ஓர் அறையை முழுக்கத் தொழிலுக்கே ஒதுக்கினால், வீட்டை விற்கும்போது அந்தப் பங்குக்கு மூலதன ஆதாய வரி, அதாவது விற்றதில் கிடைத்த லாபத்துக்கான வரி, வரலாம். அதனால் வேறு நாட்டில் இருக்கும் நண்பர் சொல்வதை அப்படியே பின்பற்றாதீர்கள், அவர் சொல்வது அவருக்குச் சரியாகவே இருந்தாலும்.

அப்புறம் ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைத்து வரி கட்டும் சுலப முறை சில நாடுகளில் உண்டு. இந்தியாவில் மருத்துவர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர் போன்ற குறிப்பிட்ட சில தொழில்களுக்கு, ஓர் உச்சவரம்பு வரை, அது 50 சதவீதம். அதில் போனால் மேலே சொன்ன எதையும் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் மீதிப் பாதியில் அடக்கம். உங்கள் தொழிலுக்கு அந்த மாதிரி முறை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், இருந்தால் ஒரு வருஷத்து உண்மையான செலவைக் கூட்டி இரண்டில் எது லாபம் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.