ஊருக்குப் போன பிள்ளை கல்லூரிக்குத் திரும்பி வர

நான் நீலகிரி பந்தலூர் பக்கம் பணியர் பழங்குடிக் குடியிருப்பில் பிறந்தவள். பதினாறு வருஷமாக, கல்லூரிக்குப் போகும் ஆதிவாசிப் பிள்ளைகளுக்குத் துணையாக நிற்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ஓர் அம்மா, சேரம்பாடி: மகளுக்குக் கூடலூர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. என்னென்ன பேப்பர் வேண்டும்?

அக்கா, முதலில் சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.). அதில் உள்ள சாதிப் பெயரும் டி.சி.யில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அரசுப் பட்டியலில் குறும்பா வேறு, குறுமன் வேறு. ஓர் எழுத்து மாறியதால் மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

அடுத்தது வருமானச் சான்று. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். பையன்களுக்கு 2024 முதல் இதே போலத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. பணம் வர, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மகள் பெயரிலேயே வேண்டும். நம் பக்கத்து ஜூன், ஜூலை மழை உங்களுக்குத் தெரியாததா? கரண்ட் போனால் இ-சேவை மையமும் படுத்துவிடும். அடுத்த பிள்ளைக்கு இதையெல்லாம் மே மாதமே முடித்துவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர், ஊட்டி: நன்றாகப் படித்த இரண்டு பேர் இரண்டாம் செமஸ்டரில் ஊருக்குப் போனார்கள், வரவே இல்லை. போனும் எடுப்பதில்லை. பாடம் கஷ்டமாக இருந்திருக்குமோ?

சார், பாடத்தால் நின்ற பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஊரில் யாராவது இறந்திருப்பார்கள். சாவென்றால் எங்களுக்கு அடக்கம் முடிந்த மறுநாளே பஸ் ஏறுகிற காரியம் இல்லை. சடங்கு முடியும்வரை சொந்தம் அத்தனையும் அங்கே இருக்க வேண்டும். நீலகிரியின் கோத்தர் பழங்குடியினரிடம் இறந்ததும் பச்சைச் சாவு, பிறகு உலர்ந்த சாவு என்று இரண்டு சடங்குகள் உண்டு. இறந்தவர் பாட்டியின் தங்கையாக இருக்கலாம். உங்கள் பதிவேட்டுக்கு அது தூரத்து உறவு. எங்களுக்கு அவரும் பாட்டிதான்.

எனக்கே நடந்தது. தாத்தா இறந்து ஒன்பது நாள் கழித்து வகுப்புக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தி, “இத்தனை நாள் ஊர்ல என்ன திருவிழாவா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார் ஆசிரியர். வாய் வரவில்லை. அப்படியே திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போனவள், ஒரு வருஷம் தேயிலை பறித்தேன். எங்கள் ஊர்ச் சங்கத்து அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டன் காபி குடித்து, தாத்தா எப்படி இறந்தார் என்று முழுசாகக் கேட்டார். கல்லூரிப் பேச்சை எடுத்தது அதற்கப்புறம்தான்.

அதனால் நேரில் போங்கள் சார். அந்த ஊரைத் தெரிந்த ஒரு சீனியர் மாணவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். போன் எடுக்காதது திமிர் இல்லை, வெட்கம். “எப்ப வருவே?” என்று கேட்காமல், “உன் இடம் அப்படியே இருக்கு” என்று சொல்லுங்கள். விட்டுப்போன டெஸ்டுக்கு மறுதேதி எழுதிக் கையில் கொடுங்கள், அந்தக் காகிதம் பெரிய தைரியம். 75 விழுக்காடு வருகைக் கணக்கைத் துறைத் தலைவரிடம் நீங்களே பேசுங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள். கோத்தர் ஊர்களில் டிசம்பர், ஜனவரி வாக்கில் அவர்கள் தெய்வமான கம்பட்டராயரின் திருவிழா பல நாள் நடக்கும். பெரியவர்களிடம் தேதி கேட்டுக்கொண்டு, அந்த நாட்களில் டெஸ்ட் வைக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

இருளர் மாணவி, கோத்தகிரி: கல்லூரி விழாவில் “உங்க டான்ஸ் ஆடுங்க” என்று கட்டாயப்படுத்துகிறார்கள். என்ன செய்ய?

தங்கச்சி, ஆசை இருந்தால் ஆடு, இல்லையென்றால் வேண்டாம். சடங்குக்கு மட்டும் உரிய பாட்டும் உண்டு. மேடைக்கு எது ஆகும் எது ஆகாது என்று ஊரில் கேட்டுக்கொள். இலை கட்டி வரச் சொன்னால் மறுத்துவிடு, உன் அம்மா இலை கட்டிக்கொண்டா வேலைக்குப் போகிறார்? தோடர்களின் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் கைவேலையைப் பற்றிப் பேச வேண்டுமானால், அதைத் தைக்கிற பெண்ணையே மேடைக்கு அழைக்கட்டும்.

கோத்தர் மாணவன், கோவையில் படிப்பவன்: வீட்டுக்குப் போன் பேசும்போது எங்கள் மொழியைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஹாஸ்டலுக்கு வெளியே போய்ப் பேசுகிறேன்.

உள்ளேயே பேசு தம்பி. எமனோ என்ற மொழியியலாளர் 1930-களில் நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் மொழிகளைக் கற்றுப் பதிவு செய்தார். பர்ரோ என்ற அறிஞருடன் சேர்ந்து அவர் தொகுத்து 1961-இல் வெளிவந்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் உன் பாட்டி பேசுகிற சொற்கள் தமிழ்ச் சொற்களுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. உங்கள் கல்லூரி நூலகத்தில் தேடிப் பார். கிடைத்தால் சிரிக்கிறவனையும் கூப்பிட்டுக் காட்டு.

ஒரு வகுப்புத் தோழன், குன்னூர்: இவர்களுக்கு மட்டும் எல்லாச் சலுகையுமா?

பழங்குடியினருக்குத் தமிழ்நாட்டில் தனி இட ஒதுக்கீடு 1990-இல்தான் வந்தது, அதுவும் 1 விழுக்காடு. உன் வகுப்பில் எத்தனை பேர் பழங்குடிப் பிள்ளைகள் என்று எண்ணிப் பார், தம்பி.

பளியர் மாணவி, கொடைக்கானல்: கல்லூரியில் எங்கள் ஆட்கள் யாருமே இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்றிருக்கிறது.

போகாதே பாப்பா. சில வருஷம் முன்பு ஒரு பெண் ஹாஸ்டலில் இரண்டு நாள் மெஸ் பக்கமே போகவில்லை. தட்டு எங்கே எடுப்பது, எங்கே கையெழுத்துப் போடுவது என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் கூச்சம். வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த கிழங்கைப் போர்வைக்குள் வைத்துத் தின்றிருக்கிறாள். மூன்றாம் நாள் பக்கத்து அறைப் பெண், மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்த கொல்லிமலைக்காரி, “வா, சேர்ந்து போலாம்” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அந்த இரண்டு பேரும் டிகிரி முடித்துவிட்டார்கள்.

உன் சாதியாகவே இருக்க வேண்டும் என்றில்லை. மலையிலிருந்து வந்த பிள்ளை இன்னொன்று அங்கே கட்டாயம் இருக்கும். வார்டனிடம் கேள். உன் கல்லூரிப் பெயரையும் எனக்கு எழுது, நானும் தேடுகிறேன்.